முழுப் புத்தகம் என்றால் கையை விரிக்கும் ஜெராக்ஸ் கடை

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. ஒரு பக்கம் 1 ரூபாய், முன்பின் எடுத்தால் 1.50, ஸ்பைரல் பைண்டிங் 40. கொடுங்கையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கும் நான், மூலக்கடையில் இரண்டு ஜெராக்ஸ் கடைகளைத் தாண்டி இங்கே வருகிறேன். இங்கு எடுத்தால் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. தமிழ் வாத்தியாருக்கு இது சின்ன விஷயமில்லை.

முதல் நாளே சண்டைதான். இலக்கணக் கைடு ஒன்றை நீட்டி 35 பிரதி கேட்டேன். "முழுதாகவா டீச்சர்? எடுக்க மாட்டேன். வேண்டிய பாடத்தைச் சொல்லுங்கள், இப்போதே தருகிறேன்" என்றார் கடைக்காரர். பாடம் நடத்தத்தானே கேட்கிறேன், டெல்லி உயர் நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே என்று ஓய்வறையில் காதில் விழுந்ததை வைத்து வாதாடினேன். "அந்த வழக்கு ஒரு ஜெராக்ஸ் கடைமேல் போட்டதுதான் டீச்சர். எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் ஆதார் அட்டையைக் கண்ணாடிமேல் வைத்தார்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து தீர்ப்பைத் தேடிப் படித்தேன். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பல நூல்களின் பக்கங்களைச் சேர்த்த பாடத்தொகுப்புகளைப் பிரதி எடுத்து விற்ற கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுப்பது மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. வினாத்தாளில் எடுத்தாள்வதற்கும் அதே பிரிவில் இடம் உண்டு. இத்தனை பக்கம்தான் என்ற கணக்கு அதில் இல்லை. பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு என்றது 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு. ஆனால் முழுப் புத்தகத்தையே பிரதி எடுக்கலாமா என்ற கேள்வியை விசாரணைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது. கடைக்காரர் கையை விரித்தது சரியாக அந்த இடத்தில்தான். அதோடு, கைடு என்பதே என் மாணவர்கள் வாங்குவதற்காக அச்சிட்டது. 35 பிரதி என்றால் 35 விற்பனை போயிற்று. இது எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

இப்போது அந்தந்தப் பாடத்துக்கு வேண்டிய எட்டுப் பத்துப் பக்கங்களை மட்டும், அடியில் நூலின் பெயரை எழுதிக் கொடுக்கிறேன். மறு பேச்சில்லாமல் எடுத்துத் தருகிறார்.

ஒரு முறை நானே வேண்டுமென்று ஒரு முழு நூலைக் கொடுத்துப் பார்த்தேன். கல்கியின் நூல். சிரித்துக்கொண்டே எடுத்தார். கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999-இல் நாட்டுடைமையாக்கிவிட்டது, அவற்றை யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம். நாட்டுடைமை ஆகாதவற்றுக்கு ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டு காத்திருக்க வேண்டும். "படமும் முன்னுரையும் புதிது போலிருக்கிறதே டீச்சர்" என்று அந்தப் பக்கங்களை மட்டும் விட்டுவிட்டார். அதுவும் சரிதான், அவை கல்கி வரைந்ததோ எழுதியதோ அல்லவே.

குறை இல்லாமல் இல்லை. மழைக் காலத்தில் காகிதம் நமுத்துப்போய் இயந்திரம் பத்துப் பிரதிக்கு ஒரு முறை சிக்குகிறது. காலாண்டுத் தேர்வுக்கு முன்தினம் 7-ஆம் பக்கமும் 8-ஆம் பக்கமும் இடம் மாறிய 40 வினாத்தாள்கள் என் கைக்கு வந்தன. காசு வாங்காமல் மீண்டும் எடுத்துக் கொடுத்தார், ஆனால் எனக்கு முதல் பாடவேளை போயிற்று. அதைவிடப் பெரிய குறை, என் வினாத்தாள் அவருடைய கணினித் திரையிலேயே 'டீச்சர்' என்ற பெயரில் இரண்டு நாள் கிடந்தது. என் மாணவர்களும் அங்கேதான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்! ஊரான் உழைப்புக்கு அத்தனை காவல் நிற்பவர், என் தாளுக்கும் கொஞ்சம் நிற்கலாம். இப்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

மாலை 4 முதல் 6 வரை பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், அப்போது போக வேண்டாம். ஞாயிறன்று மதியம் வரை திறந்திருக்கும். சில்லறை கொண்டுபோங்கள்.