கல்லா ஓரத்து சவுண்ட் பாக்ஸ்: கொடுக்கிற வாடகைக்கு வேலை பார்க்கிறதா?

மதுரையில் கீழமாசி வீதி மளிகைக் கடை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், விளக்குத்தூண் ஜவுளிக்கடை என்று எங்கே போனாலும் கல்லா ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, வந்த பணத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பேடிஎம், போன்பே, பாரத்பே என்று பெயர் மாறினாலும் அடிப்படைப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சிம், ஒரு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர். வாடகை மாதம் நூறு ரூபாயை ஒட்டி வரும். கம்பெனிக்கும் மாடலுக்கும் தகுந்தபடி கூடும், குறையும். பணம் வருவதைச் சொல்வது இருக்கட்டும், ஏமாற்றுக்காரர்களிடமிருந்து கடையை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது?

போலி ஆப் விஷயத்தில் முழு மார்க் கொடுக்கலாம். கடைப் பெயரையும் தொகையையும் தட்டினால் போதும். பச்சை டிக், தேதி, நேரம் எல்லாத்தோடும் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று அச்சு அசலாகத் திரை காட்டுகிற ஆப்கள் சுற்றுகின்றன. மாலைக் கூட்டத்தில் போனை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுப் போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. சவுண்ட் பாக்ஸுக்கு அவர் திரை தேவையே இல்லை. பணம் உங்கள் வணிகக் கணக்கில் பதிவானதும் கம்பெனி சர்வரிலிருந்து வரும் தகவலை மட்டும்தான் அது வாசிக்கும். ஆனால் இதே குரலைப் பதிவு செய்து தன் போனில் ஒலிக்கவிடுவதும் முடியாத காரியமில்லை. ஆகவே சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது, தொகை சரியா என்ற இரண்டையும் கவனியுங்கள். தொகையைக் காட்டும் திரை உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாவது அதையே வாங்குங்கள். பில் தொகையோடு க்யூஆரையும் திரையிலேயே காட்டும் மாடல் இன்னும் நல்லது: 850 ரூபாய்க்கு 85 அனுப்பும் வேலையும் நடக்காது, ஸ்டிக்கர் மாற்றும் வேலையும் நடக்காது.

ஸ்டிக்கர் மாற்றுவது என்றால் இதுதான்: இரவில் வந்து கடை க்யூஆரின் மேல் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் வரிசையாகப் பல கடைகளில் இப்படி நடந்தது. அப்போது பெட்டி வாய் திறக்காது. அதுவே எச்சரிக்கை மணி. காலையில் கடை திறந்ததும் வேறொருவர் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் உங்கள் கடைப் பெயர் வர வேண்டும், பெட்டி சொல்ல வேண்டும். ஷட்டருக்கு வெளியே க்யூஆர் ஒட்டவே வேண்டாம்.

பெட்டியின் பெரிய குறை நெட்வொர்க். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் டவர் திணறும்போது அறிவிப்பு தாமதமாக வரும், சில நேரம் மூன்று நான்கு சேர்ந்து வரும். தடித்த சுவருள்ள பழைய கட்டடக் கடைகளில் சாதாரண நாளிலும் இதே கதைதான். தாமதம் கூடப் பரவாயில்லை. பெட்டி பேசாமல் இருப்பது கடைக்காரருக்குப் பழகிப்போவதுதான் ஆபத்து. “அண்ணே, உங்க பாக்ஸ்ல நெட் இல்ல போல, எனக்குப் போயிருச்சு, பாருங்க” என்ற ஒரு வாக்கியம் போதும், சரக்கு வெளியே போய்விடும். எனவே வாங்குவதற்கு முன் உங்கள் கடைக்குள் எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கிறது என்று பார்த்து, அதே நெட்வொர்க் சிம் போட்ட பெட்டியைக் கேளுங்கள். சார்ஜரைக் கழற்றாமல் வையுங்கள்.

பேசாத நேரத்தில் வணிக ஆப்பைத் திறந்து பட்டியலைப் பார்ப்பது ஒன்றே வழி. வாடிக்கையாளர் காட்டும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் அங்கே இருந்தால் பணம் வந்திருக்கிறது. பேங்க் எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். வணிக க்யூஆரில் பல நேரம் அன்றைய வசூல் மொத்தமாகத்தான் பேங்குக்குப் போகும், ஒவ்வொரு பில்லுக்கும் எஸ்எம்எஸ் வராது. “500க்குப் பதில் 5000 போட்டுட்டேன், மீதியத் திருப்பி அனுப்புங்க” என்று காட்டும் மெசேஜ் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால் அது பேங்க் அனுப்பியதே இல்லை.

இனி, பெட்டிக்குக் கேட்கவே கேட்காத மோசடிகள். உங்கள் சொந்த போன் நம்பருக்கு ஜிபே செய்தால் பெட்டி பேசாது. ‘ராணுவ முகாமிலிருந்து பேசுகிறோம், நூறு பரோட்டா ஆர்டர், அட்வான்ஸ் வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்று வரும் அழைப்பையும் அது தடுக்காது. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்; பின் போட்டால் பணம் வெளியே மட்டும்தான் போகும். பெட்டி ‘அப்டேட்’ செய்ய வந்தேன், வாடகையைக் குறைத்துத் தருகிறேன் என்று டீஷர்ட் போட்டு வருகிறவர் கையில் போனைக் கொடுக்காதீர்கள். ஆப்பில் உள்ள உதவி எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள்.

கடைசி ஒன்று பலருக்குத் தெரியாது. பெரியார் பஸ் ஸ்டாண்டு, மாட்டுத்தாவணி பக்கம் “ஏடிஎம்ல பணம் இல்லண்ணே, பத்தாயிரம் ஜிபே பண்றேன், கேஷ் குடுங்க, நூறு எடுத்துக்கோங்க” என்று வருவார்கள். பெட்டி சரியாகவே சொல்லும், பணமும் நிஜமாகவே வரும். ஆனால் அது யாரிடமோ திருடிய பணமாக இருந்தால், இழந்தவர் புகார் கொடுத்ததும் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். கேஷ் மாற்றிக் கொடுக்காதீர்கள். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு, பெரிய தொகைக்குக் கட்டாயம் பில். முடக்கிவிட்டால் பேங்கில் புகார் எண்ணையும் எந்த மாநிலப் போலீஸ் என்பதையும் எழுதி வாங்கி, பில்லோடு அவர்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்த முடியும்.

நாளைக்கு முப்பது நாற்பது யுபிஐ பில் போடும் கடைக்கு, அதுவும் கல்லாவில் ஒரே ஆள் என்றால், தாராளமாக வாங்கலாம். ஐந்தாறு பில் மட்டும் போடும் தையல் கடைக்கு ஆப் பட்டியலே போதும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொண்டு, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் வாடகைக்கான அனுமதியையும் ரத்து செய்யுங்கள்; இல்லாவிட்டால் வாடகை பிடித்தம் தொடர வாய்ப்பிருக்கிறது.