எஸ்ஐ1 வைர மோதிரம், விவிஎஸ் வைரத் தோடு: இரண்டையும் பல வருடம் போட்ட அனுபவம்

கல்யாணத்துக்கு வீட்டில் போட்ட ஏழு கல் வைரத் தோடு, எல்லாமே விவிஎஸ், அதாவது லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் குறை எளிதில் தெரியாத தரம். அப்புறம் நானே சம்பாதித்து வாங்கியது அரை கேரட் ரவுண்ட் வைர மோதிரம், எஸ்ஐ1, அதாவது லென்ஸில் குறை தெரிகிற, சில படி கீழான தரம். பல வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். வெறும் கண்ணால் பார்த்தால் எந்தக் கல் சுத்தம், எதில் குறை இருக்கிறது என்று எனக்கும் தெரிவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பவர்களுக்கும் தெரிவதில்லை.

கிளாரிட்டி கிரேடு, அதாவது கல் எவ்வளவு சுத்தம் என்ற தரம், போடுவதே 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான். வைரத்துக்குத் தரச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் அளவில், குறையே இல்லாத எஃப்எல் தொடங்கி குறை அதிகமான ஐ3 வரை 11 படி இருக்கிறது; இதில் விவிஎஸ்ஸுக்கும் அதற்கு அடுத்த விஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க லென்ஸுக்குள்ளேயே முடிந்துவிடும். பெரும்பாலும் எஸ்ஐக்கு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே வரும், அங்கேயும் கல்லுக்குக் கல் மாறும்.

என் மோதிரக் கல்லில் இருப்பது வெளிறிய கிறிஸ்டல் (உள்ளே சிக்கிய சின்னப் படிகம்), ஓரத்தில், கல்லைப் பிடித்திருக்கும் கம்பிக்குப் பக்கத்தில். அதே கடையில் அதே எடையில் இன்னொரு எஸ்ஐ1 காட்டினார்கள். டேபிள் என்கிற மேல் தட்டைப் பட்டைக்கு நடுவில், நேர் கீழே கரும்புள்ளி, அதுவும் அடிப்பட்டைகளில் பிரதிபலித்து ஒன்று நாலைந்தாகத் தெரிந்தது! சர்டிபிகேட்டில் இரண்டுக்கும் ஒரே கிரேடு. அதனால் கிரேடோடு நிறுத்தாமல், என்ன வகைக் குறை என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். ஃபெதர் என்றால் உள்ளே விரிசல். அது கல்லின் விளிம்பைத் தொட்டால் அடிபடும்போது ஆபத்து, அல்ட்ராசோனிக் கிளீனிங்கும் வேண்டாம். கிளவுட் என்றால் நுண்புள்ளிக் கூட்டம். எஸ்ஐ கல்லில் கிளவுடை வைத்தே கிரேடு போட்டதாகவும் அது சர்டிபிகேட்டில் உள்ள கல்லின் வரைபடத்தில் காட்டப்படவில்லை என்றும் குறிப்பு இருந்தால், கல்லைக் கடை விளக்கிலிருந்து வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். புள்ளி எதுவும் தெரியாது, ஆனால் கல் மொத்தமாகப் பால் படிந்த மாதிரி மங்கியிருக்கலாம்.

போடப் போட மங்குவதற்குக் காரணம் வேறு. வைரம் எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொள்ளும். தலைக்கு எண்ணெய், வியர்வை, சோப்பு எல்லாம் தோட்டின் பின்பக்கம் அடைந்துவிட்டால், விவிஎஸ் தோடு, கழுவி வைத்த எஸ்ஐ1 மோதிரத்துக்கு முன்னால் மங்கலாகத்தான் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற பிரஷ், அவ்வளவு போதும்.

கிளாரிட்டியில் மிச்சமான பணத்தை ‘கட்’டுக்கு, அதாவது பட்டை தீட்டிய தரத்துக்குப் போட்டேன், எக்ஸலன்ட் கட். மின்னுவது அதனால்தான், சின்னக் குறையை மறைப்பதும் அந்த மின்னல்தான். ஆனால் எமரால்டு கட் (நீள்சதுரமாகப் பட்டை தீட்டிய வைரம்) வாங்குகிறவர்கள் என் எஸ்ஐ1 கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். அகலப் பட்டைகள், கண்ணாடி ஜன்னல் மாதிரி உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். அதற்கு விஎஸ்2க்குக் கீழே இறங்க மாட்டேன், 1 கேரட்டுக்கு மேல் என்றால் விஎஸ்1.