ஸ்லைடை வாசித்துக் காட்டாதீர்கள்: கல்வித் தொழில்நுட்ப முதுகலை, முடித்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

போன வாரம் டீ இடைவேளையில், எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் இளம் ஆசிரியை கேட்டாள்: "அக்கா, நீங்க படிச்ச எம்.ஏ.வுல நானும் சேரலாமா? ஃபீஸ் கட்ட கடைசித் தேதி வரப்போகுது." இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர், ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பு, வேலையை விடாமல் படிக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். படித்ததால் வகுப்பில் என்ன மாறியது என்பதுதான் அவள் கேள்வி. மணி அடித்துவிட்டதால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பு 'பாய்மங்கள்' பாடத்துக்கு 42 ஸ்லைடு வைத்திருந்தேன். புத்தக வரிகள் அப்படியே இருக்கும், ஓரத்தில் ஒரு மீன் நீந்தும், பின்னால் மெல்லிய இசை ஓடும். புரொஜெக்டரில் போட்டு வரிவரியாக வாசிப்பேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நல்ல வகுப்பு என்றே நம்பியிருந்தேன்.

இரண்டாவது செமஸ்டரில் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் வந்தன. கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியர். படமும் பேச்சும் சேர்ந்தால் பாடம் நன்றாக ஏறும். பேசுவதையே திரையில் எழுத்தாகவும் போட்டால் கற்றல் குறையும் என்கிறார். கண் ஒரே நேரத்தில் படத்தையும் பார்க்க வேண்டும், வரியையும் படிக்க வேண்டும். காதில் விழுவதோடு அந்த வரி ஒத்துப்போகிறதா என்று மனம் வேறு சரிபார்த்துக்கொண்டிருக்கும். பாடத்தைப் புரிந்துகொள்ளும் தெம்பு இதிலேயே செலவாகிவிடுகிறது. பாடத்துக்குத் தேவையில்லாத இசையும் அலங்காரமும் கெடுதல்தான் என்பது அவருடைய இன்னொரு முடிவு. என் மீன் நினைவுக்கு வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

42 ஸ்லைடு 9 ஆனது. முதல் ஸ்லைடு, காசிமேட்டில் நிற்கும் ஓர் இரும்பு விசைப்படகின் படம். ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆணி மூழ்குகிறது, இது எப்படி மிதக்கிறது என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். கடைசி பெஞ்சில் இருக்கும் பையன், அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவன், "ஐஸ் ஏத்த ஏத்த போட் கீழ எறங்கும் மிஸ்" என்றான். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். போர்டுக்கு வரச் சொன்னேன். ஐஸ் ஏற்றும் முன் தண்ணீர் எதுவரை நிற்கும், ஏற்றிய பின் எதுவரை என்று இரண்டு கோடு போட்டான். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் முழுவதும் இருந்தது. ஏறிய ஐஸின் எடை எவ்வளவோ அவ்வளவு எடைத் தண்ணீரைப் படகு கூடுதலாக விலக்குகிறது. வாசிக்க எதுவும் இல்லாததால்தான் அவனுக்குப் பேச இடம் கிடைத்தது. இந்த ஒரு நாளுக்காகவே அந்த இரண்டு ஆண்டும் தகும்.

மேயரை அப்படியே பிடித்துக்கொள்ளவும் கூடாது. புதிய கலைச்சொற்களுக்கும், வேறு தாய்மொழிக்காரர்களுக்கும் திரையில் எழுத்து உதவும் என்று அவரே விதிவிலக்கு சொல்கிறார். என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. 'மிதப்பு விசை', 'அடர்த்தி' இரண்டும் பெரிய எழுத்தில் திரையில் இருக்கும். அவ்வளவு போதும்.

அப்புறம் ரிச்சர்ட் கிளார்க், அமெரிக்கக் கல்வி உளவியலாளர். ஊடகம், அதாவது காணொளி, கணினி போன்றவை, பாடத்தை ஏற்றிவரும் வண்டிதான், மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் நம் உடம்பில் சத்து கூடிவிடாது என்று 1983இல் எழுதினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. ஊடகத்தின் தன்மையும் கற்றலை மாற்றும் என்று ராபர்ட் கோஸ்மா என்ற இன்னொரு ஆய்வாளர் பின்னால் மறுத்தார். நான் கிளார்க் பக்கம். வீட்டில் காணொளி பார்த்துவரச் சொல்லும் தலைகீழ் வகுப்பறையை ஒரு அசைன்மென்ட்டுக்காகச் செய்து பார்த்தபோது, பாதிப் பேர் பார்க்காமல் வந்தார்கள். வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு கடலில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போன் வீட்டில் இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறை. 2018 முதல் நம் புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்ய போன் வேண்டுமே.

இனி என்னை இன்றுவரை உறுத்தும் விஷயம். இவ்வளவையும் கற்றுக்கொடுத்த அந்தப் படிப்பின் வகுப்புகள் எப்படி நடந்தன தெரியுமா? ஸ்லைடு முழுக்க எழுத்து, அதை அப்படியே வாசிக்கும் குரல், இரண்டு மணி நேரம். மேயரின் விதியையே பதினான்கு வரியில் போட்டு வாசித்தார்கள். நான்கு செமஸ்டரும் கருத்துப் படிவத்தில் எழுதினேன், பதில் இல்லை. பின்னூட்டம் என்று தனிப் பாடமே இருந்தது, ஆனால் என் அசைன்மென்ட்டுகளில் மதிப்பெண் தவிர ஒரு வரி வந்ததில்லை. நூல் பட்டியல் அருமை, பாடத்திட்டத்தை யோசித்து வகுத்திருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். நான் கற்றதெல்லாம் அந்தப் பட்டியலை வைத்து இரவில் தனியாகப் படித்ததுதான்.

சேர் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவளுக்குக் காட்டலாமே என்று இந்த ஆண்டின் மாதிரி வகுப்புப் பதிவைத் திறந்தேன். அதே ஸ்லைடு, அதே வாசிப்பு. பத்து நிமிடத்தில் மூடிவிட்டேன். ஃபீஸுக்காக அவள் நகையை அடகு வைக்கப்போகிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை மாற்றிய படிப்பையே வேண்டாம் என்கிறேன், அது எனக்கும் தெரிகிறது. அந்தப் பதிவைப் பார்த்திருக்காவிட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

நூல் பட்டியலையும் என் நோட்டுகளையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வரச் சொன்னேன். இயற்கணிதத்துக்கு எழுத்தே இல்லாத முதல் ஸ்லைடு என்னவாக இருக்கலாம் என்று நேற்று இரவு போனிலேயே ஆரம்பித்துவிட்டாள்.