மதுரையில் பழைய ஜப்பானிய வண்டியைக் கட்டி விற்பது: ஆர்.எக்ஸ். 100-ஆ, ராஜ்தூத் 350-ஆ, சுசுகியா?

மதுரை வட்டாரத்தில் பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, முழுவதும் பிரித்துக் கட்டி, விற்றுப் பார்க்கலாம் என்று இறங்குபவர் முன்னால் பொதுவாக நான்கு வண்டிகள் வந்து நிற்கின்றன. யமஹா ஆர்.எக்ஸ். 100, யமஹாவின் ஆர்.டி. 350-ஐ ஒட்டி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்த ராஜ்தூத் 350, டி.வி.எஸ். சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள், ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகியவையே அவை. கவாசாகி பஜாஜ் கே.பி. 100-ஐயும் சேர்க்கலாம்தான், ஆனால் பாகங்கள் குறையாத முழு வண்டியாக அது இந்தப் பக்கம் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இவற்றில் எது சிறந்த வண்டி என்ற விவாதம் டீக்கடைதோறும் நடப்பது. அதற்கும் விற்பனைக்கும் பெரிய தொடர்பு இல்லை. விற்பதற்காகக் கட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டியை வாங்க வருபவர் எங்கிருந்து வருவார் என்பது. உசிலம்பட்டியிலிருந்து வருபவர் பார்ப்பதும், பெங்களூரிலிருந்து வருபவர் பார்ப்பதும் ஒன்றல்ல. எந்த வேலைக்குப் பணம் போட வேண்டும், எந்த வேலையைத் தவிர்க்கலாம் என்பதை அந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஆர்.சி. புக். தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் அது 2,000 ரூபாயாக ஆக்கப்பட்டது. கட்டணம்கூடப் பெரிதில்லை. டி.என். 58, 59, 64 வரிசைகள் வருவதற்கு முந்தைய பழைய எழுத்து வரிசையில் பதிவான வண்டி என்றால், அதன் விவரம் கணினிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதையும், ஏறவில்லை என்றால் பழைய பேரேட்டிலிருந்து ஏற்றித் தர அலுவலகத்தில் இசைவார்களா என்பதையும் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுச் சான்றிதழ் தேவை. மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் திருப்பூரில் இருந்துகொண்டு கையெழுத்துப் போட மறுத்தாலும் வண்டி தொழுவத்தைவிட்டு நகராது. புத்தகம் இல்லாத வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது உதிரி பாக மூட்டைதான், வண்டி அல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். விற்பனை விளம்பரங்களில் இவை எல்லாவற்றையும் 'விண்டேஜ்' என்று எழுதுகிறார்கள். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 'வி.ஏ.' வரிசைப் பதிவு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்கு மட்டுமே உரியது. 1983-இல் வந்த முதல் ராஜ்தூத் 350-க்கே அந்தத் தகுதி 2033-இல்தான் கிடைக்கும். அப்படிக் கிடைத்தாலும், அந்த வரிசையில் உள்ள வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது.

இனி ஆர்.எக்ஸ். 100. 1985-இல் வந்து 1996 வரை விற்ற இந்த வண்டியின் எஞ்சின் 98 சி.சி., ஒற்றை சிலிண்டர், நான்கு கியர், 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவை ஒட்டியே நிற்கும். இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இருபது வயதுக்காரர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்; அவர் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் விற்கும் இடத்தில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது. வைக்கோலுக்கு அடியில் கிடக்கும் வண்டியின் சொந்தக்காரரும் கைப்பேசியில் விலை பார்த்துவிட்டுத்தான் பேச உட்காருகிறார். நன்றாகக் கட்டிய வண்டி லட்சத்தைத் தாண்டிப் போகிறது என்பது அவருக்கும் தெரியும். ஆகவே இதில் லாபம் என்பது கட்டும் திறமையில் கிடைப்பதைவிட, வாங்கும் அன்று எதைக் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் அதிகம் கிடைக்கிறது.

கண்டுபிடிக்க வேண்டியவற்றில் முதலாவது, உள்ளே இருப்பது எந்த எஞ்சின் என்பது. ஆர்.எக்ஸ். 100-இன் எண் '1எல்1' என்று தொடங்கும். 50 மி.மீ. துளையும் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட இந்த எஞ்சினை எடுத்துவிட்டு, 58 மி.மீ. துளை கொண்ட ஆர்.எக்ஸ். 135-இன் எஞ்சினை ஏற்றிய வண்டிகள் தாராளமாகச் சுற்றுகின்றன. ஓட்டுவதற்கு அது சுகம்தான். ஆனால் புத்தகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாத வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த முடியாது. எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருந்தால் அது மோசடி. அந்த வண்டியோடு எந்தப் பேச்சும் வேண்டாம். எண் பொறித்த இடத்தின் வார்ப்புப் பரப்பு சுற்றிலும் உள்ள பரப்பைப் போலவே சொரசொரப்பாக இருக்கிறதா, அங்கே மட்டும் வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, சிலிண்டரில் இன்னும் எத்தனை போரிங் மிச்சம் இருக்கிறது, அதாவது தேய்ந்த சிலிண்டரை இன்னும் எத்தனை முறை கடைந்து பெரிதாக்கலாம் என்பது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டனின் தலையில் அம்புக்குறி தெரியும். அது சைலன்சர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அதே தலையில் பிஸ்டனின் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று கால் கால் மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான் வழக்கம் என்பதால், 1.00 என்று இருந்தால் அந்த சிலிண்டரின் கணக்கு முடிந்தது; உள்ளே புது ஸ்லீவ் (உலோக உறை) அடிக்க வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும். பேரம் பேசும்போது பெயின்ட் உதிர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டுவதைவிட இந்த ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டினால் விலை அதிகம் இறங்கும். புதூர் சிட்கோ பக்கமோ வேறு எங்கோ நம்பிக்கையான லேத் பட்டறை கையில் இருக்கிறது என்றால், மீதி வேலைகள் பெரிய சுமையல்ல, ஆர்.எக்ஸ். பிரித்துப் பழகாத மெக்கானிக் இந்த ஊரில் குறைவு.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற கவலையும் இதற்கு இல்லை. எது கிடைக்கிறது என்பதுதான் கவலை. டேங்க், மட்கார்டு, சைடு கவர், மீட்டர் என அனைத்துக்கும் டூப்ளிகேட் வந்துவிட்டது. மட்கார்டில் அது பரவாயில்லை. டேங்கில் மெல்லிய தகடும் சரியாக உட்காராத மூடியும் சில மாதங்களில் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஒரிஜினல் டேங்க் ஓட்டை விழுந்திருந்தாலும், அதை டிங்கரிங் செய்து துரு எடுத்து வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பு, செர்ரி சிவப்பு, மயில் நீலம் ஆகிய பழைய நிறங்களைவிட்டு விலகிய வண்டியை உள்ளூர் இளைஞர் எடுத்துக்கொள்வார். கூடுதல் விலை தரக்கூடிய நடுத்தர வயதுக்காரர் எடுக்கமாட்டார். சத்தத்துக்காக மாற்றிய சைலன்சரும் அப்படித்தான், அபராதத்துக்கும் இடம் கொடுக்கும்.

ராஜ்தூத் 350 முற்றிலும் வேறு கணக்கு. 64 மி.மீ. துளையும் 54 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட இரட்டை சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர். ஜப்பானில் இருந்த முன்பக்க டிஸ்க் பிரேக்கை இங்கே எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். தொடக்கத்தில் வந்த 'எச்.டி.' (ஹை டார்க்) வகை 30.5 குதிரைத்திறன், எரிபொருள் செலவைக் குறைக்கப் பின்னர் வந்த 'எல்.டி.' (லோ டார்க்) வகை 27. அந்தக் காலத்து இந்தியச் சாலையில் இது பெரிய சக்திதான், ஆனாலும் பெட்ரோல் குடித்த குடியில் சந்தை இதை ஏற்கவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பு நின்றுபோனது. அன்று விலைபோகாத அதே வண்டிக்கு இன்று ஆர்.எக்ஸ்.ஸைவிடப் பல மடங்கு விலை.

அந்த விலையைக் கொடுப்பவர் மதுரையில் பெரும்பாலும் இல்லை என்பதுதான் நான் கண்டவரையில் உண்மை. அவர் பெங்களூரிலோ கொச்சியிலோ சென்னையிலோ இருக்கிறார், வருவதற்கு முன் நூறு படம் கேட்பார், எச்.டி. என்று சொல்லி எல்.டி. வண்டியைக் காட்டினால், அதை உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார். வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் மாதங்கள் முழுவதும் போட்ட பணம் கொட்டகையில் போர்வை போர்த்தி நின்றுகொண்டிருக்கும்.

வேலையும் இரட்டிப்பு அல்ல, அதற்கும் மேல். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் என்பது அழுத்திப் பொருத்திய பல துண்டுகளின் தொகுப்பு. நான்கு பேரிங்குகளில் சுழல்வது. பிஸ்டனை அதோடு இணைக்கும் கன்ராடை மாற்றுவதற்காக அதைப் பிரித்தால், மறுபடி அழுத்தி நேராக்கி, கோணல் இல்லாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஆர்.எக்ஸ். கிராங்கில் கை தேர்ந்தவர் என்பதற்காக இதையும் ஒப்படைத்துவிடக் கூடாது. பற்றவைப்புக்கு, பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் செட் இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 2 மி.மீ. முன்னால் பொறி விழுமாறு அமைக்க வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் திறக்க வேண்டும். ஒரு பக்கம் தவறினால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் ஜாம் ஆகும். சித்திரை வெயிலில் நத்தம் மேம்பாலத்தில் முழுத் திராட்டில் போகும்போதுதான் அது நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும். இது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி எதற்கும் பொருந்தும், ஆனால் ராஜ்தூத்தில் இதைத் தவிர்ப்பது தற்கொலைக்குச் சமம். கிராங்கின் இரு முனைகளிலும் ஆயில் சீல் இருக்கிறது. கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்தால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சும். வெண்புகை நிற்காமல் வரும், ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். எதிர்ப்பக்கத்துச் சீல் தேய்ந்தால் புகை காட்டாது; வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோல் கலவையை நீர்க்கச் செய்து, பிஸ்டனைச் சத்தமில்லாமல் சூடேற்றிக் கொல்லும். ஆகவே எஞ்சினைக் கட்டி முடித்ததும், சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, சைக்கிள் பம்பால் ஆறு பி.எஸ்.ஐ. அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றி, சில நிமிடங்கள் காற்றழுத்த அளவியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவினால் போதும், எங்கே கசிகிறது என்பதைக் குமிழி சொல்லிவிடும். பெங்களூர்க்காரருக்கு இந்தச் சோதனையின் காணொளியை அனுப்பிப் பாருங்கள். புதுக் குரோமைக் காட்டுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சுசுகி வண்டிகளுக்கு வருவோம். 1911-இல் மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமம், 1980-களில் ஜப்பானிய சுசுகியோடு கைகோத்து ஓசூரில் தயாரித்த இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100-உம், பின்னால் வந்த சாமுராய், ஷோகன் முதலியவையும் இந்தக் குடும்பம். 2001-இல் கூட்டு முறிந்தது. இந்த ஊருக்கே சொந்தமான வண்டி என்று மதுரைக்காரர் பெருமைப்படலாம், ஆனால் சந்தை அந்தப் பெருமைக்கு ஒரு ரூபாயும் கூட்டித் தருவதில்லை. ஏ.எக்ஸ்., சாமுராய் வண்டிகளை வாங்க வருபவர், பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய, ஒரு காலத்தில் அப்பாவுடைய வண்டியாக இதை ஓட்டிய, பக்கத்து ஊர் ஆள். பாசம் நிறைய உண்டு, விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. அதனால் குரோம், பஃபிங் என்று இதில் அள்ளிக் கொட்டினால் திரும்பாது.

ஆனாலும் இதில் ஒரு நன்மை இருக்கிறது, அதை ஆர்.எக்ஸ். மோகத்தில் பலரும் பார்ப்பதில்லை. விற்பவருக்கு விலை பற்றிய மயக்கம் இல்லாததால், பழைய வண்டி நியாயமான தொகைக்குக் கிடைக்கிறது. முதல் சொந்தக்காரர் கையிலேயே, புத்தகம் நடப்பில் உள்ள நிலையில் கிடைப்பதும் உண்டு. பால்காரர்களும் மூட்டை வியாபாரிகளும் நெடுங்காலம் ஓட்டிய மேக்ஸ் 100-இன் எஞ்சினும் இதே வழி வந்தது என்பதால், எஞ்சின் பாகங்களுக்கும் அதிகம் அலைய வேண்டாம். எஞ்சின், ஒயரிங், பிரேக் மூன்றையும் சரியாகச் செய்து, பெயின்டைப் பழையபடியே பாலிஷ் போட்டு விட்டால் போதும். 108 சி.சி. ஷோகன் மட்டும் விதிவிலக்கு. அதன் வேகத்துக்கென்றே தேடுபவர்கள் இருக்கிறார்கள், முழு வண்டி கிடைத்தால் தயங்க வேண்டாம்.

சி.டி. 100-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1985-இல் வந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டி, நல்ல மைலேஜ், கெடாத எஞ்சின்; ஆனால் அதே வழித்தோன்றலான ஸ்பிளெண்டர் இன்றும் புதிதாகக் கிடைக்கும்போது, பழைய வண்டி என்பதற்காக யாரும் கூடக் கொடுப்பதில்லை. வீட்டில் இருந்தால் கட்டி ஓட்டலாம். விற்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

எல்லா வண்டிக்கும் பொதுவான செலவு ஒன்றை மறக்கக் கூடாது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், நாற்பதாண்டுப் பழைய ரப்பரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதல்ல. பெட்ரோல் டியூப், டேங்க் டேப்பின் வாஷர், கார்புரேட்டரின் சீல்கள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்ற வேண்டும். கலவை சற்று நீர்த்துப்போவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் ஒரு அளவு கூட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். விற்கும்வரை நிற்கும் நாட்களில் கார்புரேட்டரை வடித்துவிட்டு வைப்பது நல்லது. அந்தப் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

ஆக, கையில் இருப்பது ஒரு வண்டிக்கான பணம் மட்டுமே, மெக்கானிக்கோடு இன்னும் பழக்கம் ஏற்படவில்லை என்றால், நான் சாமுராயைத்தான் முதலில் எடுப்பேன். வரும் லாபம் சிறிது, போனாலும் சிறிது. எஞ்சின் எண் பொருந்திய, புத்தகம் நடப்பில் உள்ள ஆர்.எக்ஸ்., சிலிண்டரில் இரண்டு போரிங்காவது மிச்சமுள்ள நிலையில் கிடைத்தால், விலை கொஞ்சம் உறுத்தினாலும் அதற்கு மாறிக்கொள்ளலாம். கட்டி முடித்த பின் அது அதிக நாள் நிற்காது. ராஜ்தூத்தை எடுப்பவர், விற்காமல் போனாலும் தானே வைத்து ஓட்டுவதற்கு மனமும் பணமும் உள்ளவராக இருக்க வேண்டும். அதுவும், ஒரு பாகமும் குறையாத வண்டியாக இருந்தால் மட்டும். பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கிடக்கும் ராஜ்தூத் மலிவாகத் தெரியும். விடுபட்ட பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து முடிக்கும்போது முழு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

எதை விற்றாலும், பெயர் மாற்றப் படிவங்களில் (29, 30) வாங்குபவரின் கையெழுத்தும் அவருடைய முகவரிச் சான்றின் நகலும் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்தை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி முழுப் பணத்தையும் நீட்டுபவரிடம், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நாள் நேரில் வரச் சொல்லுங்கள். வர மறுத்தால் அடுத்தவருக்குப் போன் செய்யுங்கள், ஆர்.எக்ஸ்.ஸாக இருந்தால் அன்று மாலைக்குள் அவர் வந்துவிடுவார்.