பீக் ஃப்ளோ மீட்டர்: பேட்டரி வேண்டாத மூச்சுக் கருவி

ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மூச்சுக்குழாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும்போது உடம்பு அதற்குப் பழகிப்போகும். வீசிங் சத்தம் கேட்கிறபோதுதான் பலருக்கு உறைக்கும். அதற்கு முன்பே தெரியட்டும் என்று என் மருத்துவர் வாங்கச் சொன்னது, ஊதும் மூச்சின் உச்ச வேகத்தை அளக்கும் இந்தக் கருவி.

பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே அளவுகோல், நகரும் சிவப்பு முள். திரை கிடையாது, ஆப் கிடையாது. முள்ளை அடியில் இறக்கி, எழுந்து நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, குழாயின் வாயை உதட்டால் இறுக்கிப் படாரென்று ஒரே ஊது. மூன்று முறை ஊதி, அதிகமாக வந்ததைக் குறிக்க வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. தம் கட்டி நீளமாக ஊதவும் வேண்டாம், உச்ச வேகம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். துப்புகிற மாதிரி ஊதினால் மட்டும் எண் பொய்யாக எகிறும்.

ஏன் ஊதிப் பார்க்கிறோம், இழுத்துப் பார்க்கவில்லை? மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து குழாய்களையும் சேர்த்துத் திறக்கும். விடும்போது அவை இயல்பாகவே சற்றுச் சுருங்கும். ஆஸ்துமாவில் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளியும் அடைத்திருப்பதால் அந்தச் சுருக்கம் பெரிய தடையாகிவிடுகிறது.

என்னுடைய சிறந்த அளவு நிமிடத்துக்கு 450 லிட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 360க்கு மேல் இருந்தால் பச்சை. பாதிக்கு, அதாவது 225க்குக் கீழே போனால் சிவப்பு, உடனே மருத்துவ உதவி தேவை. நடுவில் மஞ்சள். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உயரம், வயது, பாலினம் எல்லாம் அதை மாற்றும். காலையில் எண் குறைந்து மாலையில் ஏறும். அந்த இடைவெளி பெரிதானால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் வேறு. சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதினால் தசை எவ்வளவு தளர்ந்தது என்பது கண்முன் தெரியும். அது வீக்கத்தைத் தொடாது, அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எதற்கு மருந்து என்று கேட்கிற ஆட்களுக்கு என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டலாம் போலிருக்கிறது.

குறைகள்? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று இது சொல்லாது. சிறிய குழாய்களில் உள்ள அடைப்பும் இதில் சரியாகத் தெரியாது, அதற்கு மருத்துவமனையில் மூச்சை விரிவாக அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைதான். அரை மனதாக ஊதினால் அரை எண்தான் வரும். வேறு கம்பெனி மீட்டருக்கு மாறினால் எண்ணும் மாறலாம், ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அளவுகோலில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லைகளைக் காட்டும் அந்த வண்ணக் குறிகள்: சோப்புத் தண்ணீரில் கழுவும் ஒவ்வொரு முறையும் நழுவி எங்கோ போய்விடுகின்றன. நான் மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன்.