மணி ஓடுகிறது, காற்று நிற்கிறது: மூன்று வருட விட்ஜெட் அனுபவம்

இந்த போனை 2021 கடைசியில் வாங்கினேன். முகப்புத் திரையில் வைத்தது ஒரேயொரு பெரிய விட்ஜெட்தான் (ஆப்பைத் திறக்காமலே தகவல் காட்டும் பெட்டி), மேலே மணி, கீழே வெப்பம், மழை, காற்றின் வேகம். திருகோணமலையில் கடலோரம் குடியிருப்பவனுக்குக் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு கணக்கு, வாடை எனும் வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டால் வேறு கணக்கு. மாமா திருக்கடலூரில் படகு வைத்திருக்கிறார்.

ஒரு நவம்பர் பின்னேரம் மாமா வந்து, "தம்பி, உன்ர போன் என்ன சொல்லுது?" என்றார். பார்த்தேன். "பதினொரு கிலோமீற்றர்தான் மாமா." பக்கத்து வீட்டுத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அது நேற்றையக் காத்தடா" என்று சொல்லிப் படகை இன்னும் மேலே இழுக்கப் போய்விட்டார். ஆப்பைத் திறந்து பார்த்தால் முப்பத்தெட்டு! திரையில் இருந்தது உண்மையிலேயே முந்தின நாள் காலை எண்.

எனக்குக் கோபம் வந்தது விட்ஜெட் நின்றதற்காக இல்லை, நின்றதை அது காட்டிக்கொள்ளாததற்காக. மேலே மணி சரியாக ஓடிக்கொண்டிருந்ததே! இதற்குக் காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அன்ட்ராய்டில் விட்ஜெட் என்பது ஆப் வரைந்து முகப்புத் திரைக்கு அனுப்பிவைக்கும் ஒரு படம் மாதிரி. அடுத்த படம் வரும்வரை பழையது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். மணி மட்டும் விதிவிலக்கு, பெரும்பாலும் அதை முகப்புத் திரையே தானாக ஓட்டிக்கொள்கிறது, ஆப் செத்துக் கிடந்தாலும் நிமிடம் மாறும். ஆக மணியைப் பார்த்து மற்றதையும் நம்பினால் மாமாவிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

அதன்பின் நான் செய்த முட்டாள்தனம், விட்ஜெட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பது. வைத்த உடனே புது எண் வரும், சரி, வேலை முடிந்தது என்று நினைப்பேன், அடுத்த நாள் பார்த்தால் மறுபடி உறைந்து போயிருக்கும். புதிதாக வைக்கும்போது அன்ட்ராய்ட் ஆப்பை எப்படியும் ஒரு தடவை கூப்பிடும், அதனால்தான் அந்த முதல் எண் வருகிறது. நோய் அப்படியே இருக்கும். இப்படி இரண்டு மூன்று கிழமை ஓடிவிட்டது.

உண்மையான காரணம் ஒன்றல்ல, நாலு. முதலாவது என் கைதான். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத காலத்தில் சார்ஜ் மிச்சம் பிடிக்க, ஆப்களின் பின்னணி வேலையைக் குறைக்கும் பவர் சேவிங்கைப் போட்டேன், கரண்ட் வந்தபின்னும் அதை எடுக்கவே இல்லை. அதே காலத்தில் பழகிய இன்னொரு பழக்கம், சற்றுமுன் திறந்த ஆப்களை எல்லாம் ஒரே இழுவையில் துடைத்துவிடுவது. சில போன்களில் அப்படித் துடைத்தால் ஆப்பின் பின்னணி வேலையும் சேர்ந்து நின்றுவிடும், என் போன் அந்த ரகம். செட்டிங்ஸில் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தால் அதைவிட மோசம், நீங்களாகத் திறக்கும்வரை அந்த ஆப் எழும்பாது.

இரண்டாவது பட்டரிக் கட்டுப்பாடு. 2015இல் வந்த அன்ட்ராய்ட் 6 தொடக்கம் அசையாமல் கிடக்கும் போனை ஆழ்ந்து தூங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது, 2018இல் வந்த அன்ட்ராய்ட் 9 அடிக்கடி திறக்காத ஆப்களைப் பின்வரிசைக்குத் தள்ளவும் தொடங்கியது. இங்கேதான் வேடிக்கை: விட்ஜெட் நன்றாக வேலைசெய்தால் ஆப்பைத் திறக்கவே மாட்டோம், திறக்காததால் சில கம்பனிகளின் சொந்தப் பட்டரி ஏற்பாடு அதைத் தூங்கவைக்கவும் கூடும். அந்த ஆப்பின் பட்டரிப் பகுதியில் அன்ரெஸ்ட்ரிக்டட் (கட்டுப்பாடில்லை) என்று மாற்றினேன், என் போனில் தனியாக, ஆப்பைத் தானாக எழும்பவிடும் ஆட்டோ ஸ்டார்ட் என்றொன்றும் ஒளிந்திருந்தது, அதையும் போட்டேன். பாதி பிரச்சினை அன்றே தீர்ந்தது. பட்டரி குறையுமே என்று பயந்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது, மொபைல் டேட்டாவில் ஆப்களின் பின்னணி இணையத்தைத் தடுக்கும் டேட்டா சேவர். வீட்டு வைஃபையில் ஒழுங்காக மாறும் எண், கடற்கரைப் பக்கம் போனால் நின்றுவிடும். ரீலோட் காசு மிச்சம் பிடிக்க நானே போட்டு மறந்ததுதான் இதுவும். நாலாவது லொக்கேஷன் அனுமதி, "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று கொடுத்திருந்தேன். கொழும்புக்குப் போய் இறங்கியபிறகும் திருகோணமலைக் காற்றையே காட்டியது. எப்போதும் என்று மாற்றினால் சரி, ஆனால் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை, ஊரைக் கையால் குறித்துவிட்டேன். நான் இருக்கும் இடத்தின் காற்றைவிட மாமாவின் படகு நிற்கும் இடத்தின் காற்றுதானே வேண்டும்.

இன்னொன்று, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்ட்ராய்ட் விட்ஜெட்டுக்கென்று கொடுத்திருக்கும் வழமையான புதுப்பிப்பு இடைவெளி குறைந்தது 30 நிமிடம். தங்கச்சியிடம் ஐபோன் இருக்கிறது, அங்கேயும் கணக்குத்தான்: அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 40 முதல் 70 தடவை. அவளுக்கு நின்றபோது லோ பவர் மோடை எடுத்து, பேக்ரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷைப் போட்டதும் சரியாகிவிட்டது, ஐந்து நிமிட வேலை.

என் போனில் சிஸ்டம் அப்டேட் வந்தபின் இரண்டு தடவை பட்டரி அனுமதி தானாகப் பழைய நிலைக்குப் போயிருந்தது, அதனால் அப்டேட் முடிந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். அழகான அந்தப் பழைய விட்ஜெட்டையும் தூக்கிவிட்டேன். இப்போது இருப்பது அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூலையில் பொடி எழுத்தில் கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று போடுகிறது. இதை எழுதும்போது மணி 5.40, அங்கே 5.22 என்று இருக்கிறது.