டி-பில்லா, சேமிப்புப் பத்திரமா? இரண்டையும் வைத்துப் பார்த்தவன் எழுதுவது

2022 டிசம்பர் 8-ஆம் தேதி ஏலத்தில் ஆறு மாத டி-பில், அதாவது சிங்கப்பூர் அரசாங்கம் ஆறு மாதத்துக்கு நம்மிடம் கடன் வாங்கும் பத்திரம், 4.40 சதவீத ஆண்டு வட்டிக்குப் போனது. மறுநாள் துவாஸில் எங்கள் பட்டறை கேன்டீனில் கோப்பி-ஓவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அதையேதான் பேசினார்கள். அந்த வருஷம் எனக்குச் சரியான அடி. 2021-இல் வாங்கிய மூன்று அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. நாஸ்டாக் குறியீடே அந்த ஆண்டில் 33 சதவீதம் விழுந்தது என்றால் என் கதை எம்மாத்திரம்.

ஏன் விழுந்தது என்பது எனக்கு விளங்கியது அம்மாவின் ஏலச்சீட்டை நினைத்துப் பார்த்தபோதுதான். பட்டுக்கோட்டையில் அவர் சீட்டு நடத்திய காலத்தில், முதல் மாதமே பணம் வேண்டும் என்பவர் பெரிய தள்ளு விட்டு, அதாவது சீட்டுத் தொகையில் பெரிய கழிவை விட்டுக்கொடுத்து, எடுப்பார். கடைசி மாதம் எடுப்பவருக்குத் தள்ளு கிடையாது. வெளியில் வட்டி ஏறினால் தள்ளும் ஏறும். வளர்ச்சிப் பங்கு என்பது பத்து வருஷம் கழித்து வரப்போகும் லாபத்துக்கு இன்றே பணம் கட்டுவது. வட்டி 1 சதவீதமாக இருந்தால் அன்றைய 100 வெள்ளிக்கு இன்று சுமார் 90 கொடுக்கலாம். 5 சதவீதம் என்றால் 61-தான். 2022 மார்ச் வரை பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5.25–5.50க்கு வந்து நின்றது. நிறுவனம் ஒரு தப்பும் செய்யாமலே பங்கு விலை இறங்க அது போதும்.

சரி, டி-பில்லுக்கு வருகிறேன். வங்கிச் செயலியிலேயே வாங்கலாம், குறைந்தது 1,000 வெள்ளி. எந்த வட்டி கேட்பது என்று தெரியாதவர்கள், ஏலத்தில் முடிவாகும் வட்டியை அப்படியே ஏற்கும் போட்டியில்லா ஏலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். கிடைத்த ஒவ்வொரு 1,000 வெள்ளிக்கும் சுமார் 22 வெள்ளி உடனே கணக்கில் திரும்பி வந்தது. நமக்கு வர வேண்டிய வட்டியை விலையில் முதலிலேயே கழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து முழு 1,000 தருகிறார்கள். தள்ளு விட்டது அரசாங்கம், சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்!

ஆனால் ஆறு மாதம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. மறுபடி ஏலம், மறுபடி வேறு வட்டி. 2025 செப்டம்பரில் அதே டி-பில் 1.5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2022 கடைசியில் சேமநிதிப் பணத்தை, அதாவது ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் சேமிப்பை, டி-பில்லில் போடுவதற்காக வங்கிக் கிளையில் வரிசை பிடித்து நின்ற எங்கள் புளோக் அங்கிள், இன்று சேமநிதியின் சாதாரணக் கணக்கு தரும் 2.5 சதவீதமே மேல் என்கிறார்.

டி-பில் சத்தத்தில் எங்கள் கேன்டீனில் யாரும் கண்டுகொள்ளாதது சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம், அதாவது சாதாரண மக்களுக்காக அரசாங்கம் வெளியிடும் பத்து வருஷக் கடன் பத்திரம். 2022 டிசம்பர் வெளியீட்டுக்குப் பத்து வருஷச் சராசரி 3.47 சதவீதம். நான் 5,000 வெள்ளி போட்டேன். அன்று ஏதோ ஏமாந்த மாதிரி இருந்தது. இப்போது ஜூன் முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும் வட்டி வந்து விழும்போது, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே என்று இருக்கிறது. எந்த மாதம் வேண்டுமானாலும் எடுக்கலாம், அசலில் ஒரு காசு குறையாது.

குறை இல்லாமல் இல்லை. போடும்போது 2 வெள்ளி, எடுக்கும்போது 2 வெள்ளி கட்டணம். 500 வெள்ளி மட்டும் போடுகிறவருக்கு அது உறுத்தும். சேமநிதிப் பணத்தில் வாங்க முடியாது. கூட்டம் மொய்க்கும் மாதங்களில் கேட்டது கிடைக்காது. 2022 ஆகஸ்ட் வெளியீட்டில் 20,000 கேட்டேன், பாதிகூட வரவில்லை. அவசரத்துக்கும் ஆகாது. அம்மாவின் கண் அறுவைக்காக ஒரு மாதம் 5-ஆம் தேதி விண்ணப்பித்தேன், அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் பணம் கைக்கு வந்தது. அதுவரை தம்பியிடம் கைமாற்று.

பங்குகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வீட்டு முன்பணத்துக்கு ரொக்கம் வேண்டியிருந்ததால் இரண்டை அடிமட்ட விலையில் விற்றேன். 2023-இல் நாஸ்டாக் 43 சதவீதம் ஏறியபோது வயிறு எரிந்தது. தப்பு பங்கில் இல்லை, இரண்டு வருஷத்தில் தேவைப்படும் பணத்தை அதில் போட்டேன் பாருங்கள், அங்கேதான். மூன்றாவது பங்கு இன்னும் இருக்கிறது. இப்போது ஐந்து வருஷத்துக்குள் வேண்டிய பணம் முழுக்கச் சேமிப்புப் பத்திரத்தில். மீதியில் மாதம் 300 வெள்ளி, வட்டிச் செய்தி எதுவாக இருந்தாலும், பங்குக்குப் போகிறது. டி-பில்லை விட்டுவிட்டேன்.

போன வாரம் அம்மாவிடம் வீடியோவில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அரசாங்கமே சீட்டு நடத்துதா? கமிஷன் எவ்வளவு எடுக்குறாங்க?" என்றார். 2 வெள்ளி என்றேன். நம்பவில்லை.